போர்க்கால மிசிசிப்பி: ஆற்று வணிகத்தைத் திறப்பதா, அடைப்பதா, அரசே வாங்குவதா?

1863 ஜூலை 16 அன்று ‘இம்பீரியல்’ என்னும் நீராவிக் கப்பல், செயின்ட் லூயியிலிருந்து எட்டு நாள் பயணம் செய்து நியூ ஆர்லியன்ஸ் துறையில் வந்து நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபின், மிசிசிப்பி ஆற்றின் அந்த முழு நீளத்தையும் ஒரு வணிகக் கப்பல் தடையின்றிக் கடந்தது அதுவே முதல் முறை. தெற்கின் கிளர்ச்சியாளர் கையிலிருந்த ஆற்றங்கரைக் கோட்டையான விக்ஸ்பர்க் ஜூலை 4 அன்று சரணடைந்திருந்தது. ஜூலை 9 அன்று போர்ட் ஹட்சனும் விழுந்தது. அடுத்த மாதக் கடைசியில் குடியரசுத் தலைவர் லிங்கன் ஒரு கடிதத்தில், நீர்களின் தந்தையாகிய ஆறு மறுபடியும் இடையூறின்றிக் கடலுக்குப் போகிறது என்று பெருமிதத்தோடு எழுதினார். ஆனால் ஆற்றைப் பிடிப்பதும் ஆற்றில் நடக்கும் வணிகத்தைப் பிடிப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதில் வாஷிங்டன் அரசு 1862 கோடையிலேயே தடுமாறத் தொடங்கி, போர் முடியும் வரை தடுமாறிக்கொண்டே இருந்தது.

அந்த அரசின் முன் நான்கு வழிகள் இருந்தன. எதிரி நிலத்தோடு எந்த வணிகமும் கூடாது என்று ஆற்றை முற்றாக அடைப்பது முதல் வழி. படை முன்னேறிய இடமெல்லாம் வணிகமும் பின்தொடரட்டும் என்று திறந்துவிடுவது இரண்டாவது. கருவூலத் துறையின் அனுமதிச் சீட்டு பெற்றவர் மட்டும் வாங்கலாம், விற்கலாம் என்பது மூன்றாவது. தனியார் எவரும் வேண்டாம், அரசே நிர்ணயித்த விலைக்குப் பருத்தியை வாங்கிக்கொள்ளட்டும் என்பது நான்காவது. இந்த நான்கும் ஏதோ ஓர் அளவில், ஏதோ ஓர் ஊரில் நடைமுறைக்கு வந்தவையே என்பதால் இவற்றை ஒப்பிடுவதற்கு ஊகம் அதிகம் தேவைப்படாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்காவது வழியே சிறந்தது. ஆனால் 1863 ஜனவரியில் அது முன்மொழியப்பட்ட வடிவத்தில்தான் சிறந்தது. 1864 ஜூலையில் சட்டமான வடிவத்தில் அது மூன்றாவது வழியின் நோய்கள் அனைத்தையும் தொற்றவைத்துக்கொண்டு வந்தது.

ஒப்பீட்டுக்கு முன், எதற்காக இவ்வளவு பேர் இந்த ஆற்றைச் சுற்றினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய், அயோவா விவசாயிகளின் சோளமும் பன்றி இறைச்சியும் காலங்காலமாகக் கீழாற்று வழியாகவே சந்தைக்குப் போயின. ஆறு அடைபட்டதும் அவர்கள் கிழக்கு நோக்கிய ரயில் நிறுவனங்கள் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மனக்கசப்பு, போரையே எதிர்த்த அரசியல்வாதிகளுக்கு நல்ல தீனியாக அமைந்தது. மறுபக்கம், போருக்கு முன் பிரிட்டிஷ் ஆலைகளுக்குத் தேவையான பருத்தியில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 1861 ஏப்ரலில் லிங்கன் அறிவித்த கடல் முற்றுகை அந்த ஓட்டத்தை நெரித்ததும் விலை ஏறியது. போருக்கு முன் ஒரு ராத்தல் (பவுண்டு) பஞ்சு 10 சென்ட் அளவில் விற்றது. 1864 கோடையில் நியூயார்க்கில் காகிதப் பணக் கணக்கில் 1 டாலர் 89 சென்ட் வரை போனது. நம் பக்கமும் அந்த விலையேற்றத்தைக் கண்டது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்குத் தூத்துக்குடித் துறையில் திடீரென்று மவுசு கூடிய ஆண்டுகள் அவை.

ஒரு பொதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சணல் துணி சுற்றிக் கயிறு கட்டிய, 400 ராத்தல் எடையுள்ள ஒரு பொதி. பழைய விலையில் அது 40 டாலர். உச்ச விலையில் 756 டாலர். அந்தப் பொதி மெம்பிஸுக்குக் கிழக்கே ஏதோ ஒரு தோட்டத்தின் கொட்டகையில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படை வந்தால் கொளுத்திவிடும் என்ற பயத்தில் இலைதழை போட்டு மூடப்பட்டுக் கிடக்கிறது. படை வரிசைக்கு அப்பால் அதற்கு உள்ளூர் விலை மட்டுமே உண்டு. ஆற்றங்கரைச் சரிவில் நிற்கும் நீராவிப் படகின் தளத்துக்கு ஏறிவிட்டால் விலை பல மடங்கு. இடையில் உள்ள தொலைவு ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணம். அந்த ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவு கூலி கிடைக்கும்போது, அதன் குறுக்கே நிற்கும் காவலனிடமிருந்து எவ்வளவு நேர்மையை எதிர்பார்க்க முடியும் என்பதே நான்கு வழிகளுக்கும் உரிய சோதனை. எதிரிப் படைக்கு என்ன போய்ச் சேருகிறது, நம் படையின் ஒழுங்கு என்ன ஆகிறது, கருவூலமும் ஆலைகளும் என்ன பெறுகின்றன, கரையோர மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்ற மற்ற கேள்விகளெல்லாம் இந்தச் சோதனைக்குள் அடங்குகின்றன.

முற்றாக அடைப்பது என்ற முதல் வழியின் வாதத்தை மிகத் தெளிவாக வைத்தவர் வடக்கின் தளபதி வில்லியம் ஷெர்மன். 1862 ஜூன் 6 அன்று பிடிபட்ட மெம்பிஸ் நகரத்தின் பொறுப்பை அவர் ஜூலையில் ஏற்றபோது, வடக்கிலிருந்து வந்த வியாபாரிகள் தங்க நாணயம் கொடுத்துப் பருத்தி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தங்கம் பஹாமாத் தீவுகளின் நாசாவுக்குப் போய்த் துப்பாக்கியாகத் திரும்புகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். உப்பைப் பற்றி அவர் எழுதியது இன்னும் கூர்மையானது: உப்பு இல்லாமல் தெற்கினர் பன்றி இறைச்சியையும் மாட்டிறைச்சியையும் பதப்படுத்த முடியாது, பதப்படுத்தாமல் படைக்கு உணவு அனுப்ப முடியாது. உப்புக்கண்டம் போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு மக்களோடு ஒரே சமயத்தில் போரும் வணிகமும் நடத்த முடியாது என்ற பொருள்பட அவர் வாஷிங்டனுக்கு எழுதினார். தங்கம் கொடுப்பதை அவரும் அவருடைய மேல்தளபதி கிராண்ட்டும் தடை செய்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் தலைமைத் தளபதி ஹாலெக்கிடமிருந்து தடையை நீக்கும்படி உத்தரவு வந்தது. வடக்கின் ஆலைகளுக்கும் அரசுக்கும் பருத்தி தேவைப்பட்டது. ஆக, அடைப்பு என்ற வழி முழுதாகச் சோதிக்கப்படும் முன்பே மேலிடத்தால் கைவிடப்பட்டது.

சோதித்திருந்தால் வென்றிருக்குமா? ஓரளவுக்கு மட்டும் என்பதே என் எண்ணம். ஒஹாயோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை அன்றைய ஆற்று வழி ஏறக்குறைய 1,000 மைல். ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது; ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் கிளையாறு, சதுப்பு, நாணற்காடு. பீரங்கிப் படகுகள் ஓரிடத்தைக் கடந்து போன ஒரு மணி நேரத்துக்குள் சிறு படகு அக்கரைக்குப் போய்த் திரும்பிவிடும். கனத்த இரும்புக் கவசக் கப்பல்கள் ஆழமற்ற கிளைகளுக்குள் நுழைய முடியாததால், மெல்லிய தகடு போர்த்திய ‘டின்கிளாட்’ படகுகளை வடக்கின் கடற்படை பயன்படுத்த வேண்டிவந்தது. கரையிலிருந்து கொரில்லாக்கள் பயணிகள் கப்பலைச் சுட்டார்கள். ‘யூஜின்’ என்ற கப்பல் சுடப்பட்டதற்குப் பதிலடியாக 1862 செப்டம்பரில் ஷெர்மன் ராண்டால்ஃப் என்ற சிற்றூரையே எரிக்கச் செய்தார், அடுத்து ஒவ்வொரு கப்பல் சுடப்படும்போதும் மெம்பிஸிலிருந்து பத்துக் குடும்பங்களை வெளியேற்றுவதாகவும் அறிவித்தார். அடைப்பு என்ற கொள்கையை நிலைநிறுத்த இத்தகைய கொடுமைகள் தொடர்ந்து தேவைப்பட்டிருக்கும். அடைப்பினால் முதலில் பசிப்பவர்கள் எதிரிப் படையினரும் அல்லர். 1863 வசந்தத்திலிருந்து விக்ஸ்பர்க் சுற்றுப்புறத்தில், கைவிடப்பட்ட தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் கூலி பெற்று விடுதலையான கறுப்பின மக்கள் பருத்தி பயிரிட்டார்கள். அவர்களுக்கு விதை, துணி, மாவு எல்லாம் மேலாற்றிலிருந்துதான் வரவேண்டும். அவர்களுடைய விளைச்சலும் அதே ஆற்றில்தான் போகவேண்டும்.

எனினும் அடைப்பாளர்களின் குற்றச்சாட்டு பொய்யென்று ஆகிவிடாது. 1864 மே மாதம், மெம்பிஸில் தளபதியாக இருந்த காட்வாலடர் வாஷ்பர்ன் தம் படை வரிசைகளை மூடி ஓர் ஆணை இட்டார். அதில், மெம்பிஸ் நகரம் வடக்கின் கைக்கு வந்த பின்னரே தெற்குக் கூட்டமைப்புக்கு நாசாவைவிடக் கூடுதலாகப் பயன்பட்டிருக்கிறது என்று அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஷெர்மன் சொன்னது எவ்வளவு சரியென்று தெரிகிறது. தன் சொந்தக் காவலில் உள்ள ஊரே எதிரியின் துறைமுகமாகிவிட்டது என்று ஒரு தளபதி எழுத்தில் ஒப்புக்கொள்வது சாதாரணமான செய்தி அன்று.

திறந்துவிடும் இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வணிகம் கொடியைப் பின்தொடரட்டும் என்பது 1862இல் கருவூலச் செயலர் சால்மன் சேஸின் எண்ணம். பிடித்த பகுதிகளில் வாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பினால் மக்கள் மனமும் திரும்பும் என்று அவர் நம்பினார். கொடி முன்னும் பின்னும் நகரும் நாட்டில் அது நடக்கவில்லை. திங்களன்று வடக்கின் காவலில் இருந்த கடை, வியாழனன்று தெற்குக் குதிரைப்படையின் கிடங்காகிவிடும் நிலையில், கடையில் இறக்கிய காலணியும் கொய்னா மருந்தும் யாருக்குப் போகும் என்று கடைக்காரனே சொல்ல முடியாது.

நீண்ட காலம் நடைமுறையில் இருந்ததும், என் கருத்தில் மிக அதிகத் தீங்கு செய்ததும் மூன்றாவது வழியாகிய அனுமதிச் சீட்டு முறையே. 1861 ஜூலை 13ஆம் நாள் சட்டம், கிளர்ச்சி மாநிலங்களோடு வணிகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்தது. அதே சட்டம், கருவூலச் செயலரின் விதிகளுக்கு உட்பட்டு அவர் வணிகத்தை அனுமதிக்கவும் இடம் வைத்தது. தடை பொது விதி, அனுமதி விதிவிலக்கு என்பது எழுத்தில் நன்றாகவே இருந்தது. விதிவிலக்கைப் பெறுவதற்குப் பொதி ஒன்றுக்கு 716 டாலர் லாபம் காத்திருக்கும்போது, விதிவிலக்கு விதியை விழுங்கிவிடும். சின்சினாட்டியில் வில்லியம் மெலன் என்ற சிறப்பு முகவர் தலைமையில் கருவூலத்தின் ஆட்கள் சீட்டுகளை வழங்கினார்கள். வியாபாரி விசுவாசப் பிரமாணம் செய்தான், பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தான். சீட்டோடு அவன் ஆற்றங்கரைக்கு வந்தபோது, அங்கே காவல் நின்றவர்கள் கருவூலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர்; தரைப்படையினர். ஆற்றில் நின்ற படகுகளோ 1862 அக்டோபர் முதல் தரைப்படைக்கும் கட்டுப்படாதவை, கடற்படையினுடையவை. ஒரே பொதிக்கு மூன்று துறைகள் பொறுப்பு என்றானதும், மூன்றில் எது விலைபோகுமோ அதைத் தேடிப் பிடிப்பதே வியாபாரியின் தொழிலாயிற்று.

படைக்குள் இது என்ன செய்தது என்பதைச் சொல்ல, அதில் பணம் போட்டவரே சாட்சி. பத்திரிகையாளராக இருந்த சார்லஸ் டேனா, நியூயார்க் அரசியல்வாதி ராஸ்கோ காங்க்ளிங்குடன் கூட்டுச் சேர்ந்து பருத்தி வாங்க மெம்பிஸுக்கு வந்தார். 1863 ஜனவரி 21 அன்று அவர் போர்ச் செயலர் ஸ்டான்டனுக்கு எழுதிய கடிதம் இந்த விவகாரத்தின் தலையாய ஆவணம். ஒவ்வொரு கர்னலும், கேப்டனும், படையின் பண்டக அதிகாரியும் யாரோ ஒரு பருத்தித் தரகனோடு இரகசியக் கூட்டாளி என்றும், ஒவ்வொரு சிப்பாயும் தன் மாதச் சம்பளத்தோடு ஒரு பொதியைச் சேர்த்துக்கொள்ளக் கனவு காண்கிறான் என்றும் அவர் எழுதினார். இப்போதுள்ள நிலை தொடர்ந்தால்தான் தமக்கு லாபம், ஆனாலும் இதை நிறுத்துங்கள் என்று மன்றாடினார். தன் லாபத்துக்கு எதிராக ஒருவர் தரும் சாட்சியத்தை ஐயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை.

அந்தச் சீரழிவின் எரிச்சல் யார் மேல் விழுந்தது என்பது இந்த வரலாற்றின் அசிங்கமான பக்கம். 1862 டிசம்பர் 17 அன்று கிராண்ட் இட்ட 11ஆம் எண் பொது ஆணை, யூதர்களை ஓர் இனமாகவே தம் படைப்பகுதியிலிருந்து வெளியேற்றியது. பருத்தி வியாபாரத்தில் எல்லா மதத்தவரும், அவருடைய அதிகாரிகளுமே இருந்தார்கள். அவருடைய தந்தை ஜெஸ்ஸியே சின்சினாட்டி வியாபாரிகளான மேக் சகோதரர்களோடு கூட்டாகப் பருத்திக்காக மகனின் முகாமுக்கு வந்திருந்தார். பதூக்கா ஊரிலிருந்து வெளியேற்றப்பட்ட சீசர் காஸ்கெல் வாஷிங்டன் வரை சென்று லிங்கனைச் சந்தித்து முறையிட்டபின், ஜனவரி தொடக்கத்தில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. முறையே அழுகியிருக்கும்போது, முறையை மாற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லாத தளபதி, கைக்கு எட்டிய ஓர் இனத்தைத் தண்டித்தார். சீட்டு முறையின் விலைப்பட்டியலில் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விக்ஸ்பர்க் வெற்றிக்குப் பின்னும் சேஸ் ஆற்று வணிகத்தை விரிக்கவே விரும்பினார். 1863 ஜூலை 21 அன்று கிராண்ட் அவருக்கு எழுதிய பதில், வெற்றிக் களிப்பில் இருந்த ஒரு தளபதியின் கடிதம் போலவே இல்லை. கிளர்ச்சி மாநிலங்களோடு நடக்கும் வணிகம் நம் படைபலத்தில் குறைந்தது 33 சதவீதத்தை வீணாக்குகிறது என்றும், மேற்கு டென்னசியில் கடந்த ஓராண்டில் பல பேர் பெருஞ்செல்வம் சேர்த்தார்கள், ஆனால் நேர்மையான ஒருவரும் பணம் பண்ணவில்லை என்றும் அவர் எழுதினார். அந்தச் சதவீதத்தை எந்த அளவுகோலால் அளந்தார் என்று கேட்கலாம். ஆனால் அந்த எண்ணைவிட, வணிகத்தைக் காவல் காக்கும் வேலைக்கே படை செலவாகிறது என்ற கருத்துத்தான் முக்கியம்.

கடற்படை வேறொரு விதத்தில் கெட்டது. கடலில் எதிரியின் சரக்கைப் பிடித்தால், நீதிமன்றம் அதை விற்று, தொகையில் ஒரு பங்கைப் பிடித்த மாலுமிகளுக்குத் தரும் என்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தை ஆற்றிலும் வைத்துக்கொண்டார்கள். 1864 மார்ச்சில் அட்மிரல் டேவிட் போர்ட்டரின் கப்பல்கள் மிசிசிப்பியில் கலக்கும் செவ்வாற்றில் ஏறிச் சென்றபோது, மாலுமிகள் வண்டிகளைப் பிடித்துக்கொண்டு கரையேறி உள்நாட்டுத் தோட்டங்களுக்குள் போனார்கள். தனியாருடைய பொதியின் மேல் முதலில் ‘சி.எஸ்.ஏ.’ என்று கூட்டமைப்பின் எழுத்தை அச்சுத்தகட்டால் மையிட்டார்கள். அதன் கீழேயே ‘யு.எஸ்.என்.’ என்று தங்கள் கடற்படையின் எழுத்தையும் இட்டார்கள். இதைக் கண்ட தரைப்படையினர், அந்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘அமெரிக்கக் கடற்படையின் பருத்தித் திருட்டுச் சங்கம்’ என்று பொருள் வருகிறது என்று கேலி செய்தார்கள். போரில் தோற்றுத் திரும்பிய அந்தப் படையெடுப்பில், ஆற்று நீர் வடிந்து, கப்பல்களே சிக்கிக்கொள்ள இருந்தன. ஜோசப் பெய்லி என்ற பொறியியல் அதிகாரி ஆற்றின் குறுக்கே அணை கட்டி நீரை உயர்த்தித்தான் அவற்றை மீட்டார். அந்தப் பயணத்தில் திருமதி அலெக்சாண்டர் என்பவரின் தோட்டத்தில் எடுத்த 72 பொதி பருத்தி உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலத்தில் எடுத்த பருத்தி கடற்பிடிபொருள் ஆகாது என்று தீர்ப்பு எழுதியவர், அதற்குள் தலைமை நீதிபதியாகிவிட்ட அதே சால்மன் சேஸ். தம் பழைய துறையின் குழப்பத்தை அவரே மன்றத்திலிருந்து ஒரு மூலையில் சரிசெய்ய நேர்ந்தது.

இனி நான்காவது வழி. டேனாவின் ஜனவரிக் கடிதத்திலேயே அது தெளிவாக இருக்கிறது: பிடித்த பகுதியில் தனியார் எவரும் பருத்தி வாங்கக் கூடாது, படையின் பண்டக அதிகாரிகள் ராத்தலுக்கு 20 அல்லது 25 சென்ட் என்ற நிலையான விலைக்கு வாங்கட்டும், படையின் கப்பலிலேயே ஹெலினா, மெம்பிஸ், சின்சினாட்டி போன்ற ஊர்களுக்கு அனுப்பி, அரசுக் கணக்கில் பகிரங்க ஏலம் விடட்டும். தளபதி கிராண்ட் இதில் ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறார் என்றும் டேனா சேர்த்திருந்தார். இந்த யோசனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. வாங்குபவர் ஒருவரே. விலை ஒன்றே. பொதியைக் காப்பவரும் வாங்குபவரும் ஏற்றி அனுப்புபவரும் ஒரே ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆற்றங்கரைக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள பெரிய லாபம் கருவூலத்துக்குப் போகிறது. தோட்டக்காரனுக்குப் போருக்கு முந்தைய விலையைப் போல் இரண்டு மடங்கு கிடைப்பதால், பொதியைக் கொளுத்தாமல் கொண்டுவர அவனுக்கும் ஆசை இருக்கும்.

பண்டக அதிகாரிகளே திருடமாட்டார்களா என்ற மறுப்பு நியாயமானது. டேனாவின் குற்றப்பட்டியலில் அவர்களும் இருந்தார்கள். திருடுவார்கள். ஆனால் ஒரு படைக்குள் நடக்கும் திருட்டைப் படைத்துறை நீதிமன்றம் விசாரிக்க முடியும். கருவூலச் சீட்டு வைத்திருக்கும் செல்வாக்குள்ள வியாபாரியைத் தளபதி தொடக்கூட முடியாது. எதிரியின் கைக்குப் பணம் போகாதா என்பது அடுத்த மறுப்பு. போகும், 25 சென்ட் அளவுக்குப் போகும், உப்பும் துணியும் காலணியும் கூடவே போகா. இந்தக் கடைசி வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்குப் பின் 1863 ஏப்ரல் 2 அன்று லிங்கன் வெளியிட்ட பிரகடனம், கருவூல விதிகளுக்கு உட்படாத வணிகத்தைச் சட்டவிரோதம் என்றது. கேட்டது அரசு வாங்குதல். கிடைத்தது மேலும் இறுக்கிய சீட்டு. அரசு வாங்கும் முறை சட்டமாக 1864 ஜூலை 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம், உள்நாட்டு நீர்களில் எடுத்த பொருள் இனிக் கடற்பிடிபொருள் ஆகாது என்று போர்ட்டரின் மாலுமிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தனியார் வணிகத்தையும் ஏட்டளவில் ஒழித்தது. ஆனால் வாங்கும் வேலையைப் படையிடம் கொடுக்காமல் கருவூல முகவர்களிடமே கொடுத்தது. விலையையும் நிலையாக வைக்கவில்லை; நியூயார்க் விலையில் முக்கால் பங்கு என்றது. நியூயார்க்கில் ஒன்றரை டாலர் என்றால் கரையில் ஒரு டாலருக்கு மேல். டேனா சொன்ன 25 சென்ட்டோடு ஒப்பிட்டால், எதிரிப் பகுதிக்குப் போகும் தொகை நான்கு மடங்குக்கும் மேல். செப்டம்பரில் வந்த விதிகள், விற்றவன் தான் பெற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பண்டங்கள் வாங்கித் திரும்பலாம் என்றன. இத்தோடு உப்புப் பீப்பாய் சட்டப்படியே உள்ளே போனது. பருத்தியை ‘வைத்திருப்பவர் அல்லது தம் கட்டுப்பாட்டில் கொண்டிருப்பவர்’ முகவரோடு ஒப்பந்தம் செய்யலாம் என்ற ஒரு தொடர் மீதியைக் கெடுத்தது. கையில் ஒரு பொதியும் இல்லாதவன், பல்லாயிரம் பொதி தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதி ஒப்பந்தம் வாங்கி, பிறகு அந்தத் தாளைக் காட்டிப் படை வரிசையைத் தாண்டிப் பருத்தியைத் தேடப் போனான். பழைய தரகர்கள் புதிய கதவு வழியாகத் திரும்பிவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து மேற்கு மிசிசிப்பிப் படைப்பகுதியின் தளபதி எட்வர்ட் கேன்பி முறையிட்டதும், 1864 டிசம்பர் 12 அன்று லிங்கன் அவருக்கு எழுதிய பதிலும்தான் இரு தரப்பின் மிகச் சிறந்த வாதங்கள். ஆற்றின் இருபுறமும் உள்ள எதிரிப் படைகள் பெருமளவு இந்த ஆற்று வணிகத்தாலேயே தாங்கப்படுகின்றன என்பது கேன்பியின் கணிப்பு. லிங்கனின் பதில் ஒரு கணக்கு. முற்றுகையால் பருத்தி விலை ஆறு மடங்காகிவிட்டது. பழைய அளவில் ஆறில் ஒரு பங்கை மட்டும் எதிரி எப்படியோ வெளியே அனுப்பினாலும், சமாதான காலத்தின் முழு விளைச்சலுக்குக் கிடைத்த பணம் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. மீதி நிலத்தையும் ஆட்களையும் உணவு பயிரிட வைத்துக்கொள்கிறான். நம் தங்கமும் வெளியேறுகிறது. ஆகவே அவனிடமிருந்து அந்தப் பருத்தியை எப்படியாவது எடுத்துவிட வேண்டும். இப்போது துப்பாக்கியும் வெடிமருந்தும் இரண்டையும் அதைக் கொண்டு பெறுகிறவனுக்கு, துப்பாக்கியை மட்டும் கொடுத்து வாங்கினாலும் நல்லது. மனிதரின் பேராசையே இந்த வேலைக்கு உதவுமானால் அதற்கும் நன்றி சொல்வோம்.

மறுக்க எளிதல்லாத கணக்கு. லிங்கன் விலையின் போக்கைத் தம் தளபதிகள் பலரைவிட நன்றாகப் புரிந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஆண்டுக் கணக்கு. படை உண்பது வாரக் கணக்கு. வில்மிங்டன் துறைமுகம் வழியாகவோ மெக்சிகோவின் மட்டமோரஸ் வழியாகவோ போகும் பருத்தி மாதங்கள் கழித்துத்தான் துப்பாக்கியாகத் திரும்பும். வழியில் கப்பலே பிடிபடலாம். மெம்பிஸில் விற்ற பருத்தி மறுநாளே உப்பும் காலணியுமாக, அதே மாவட்டத்தில் நிற்கும் எதிரிப் படைக்குப் போய்ச் சேரும். மேலும், எடுக்கும் பருத்திக்கு நியூயார்க் விலையின் முக்கால் பங்கைக் கொடுத்தால், முற்றுகை உயர்த்திய விலையின் பலனை அரசே எதிரியிடம் தட்டில் வைத்து நீட்டியதாகிறது. லிங்கனின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது சென்று சேருமிடம் டேனாவின் நிலையான விலைதான். முக்கால் பங்குச் சட்டம் அன்று.

எதிர்த்தரப்பும் இதே முடிவை எடுக்க வேண்டியிருந்தது. கூட்டமைப்பு 1861 மே மாதத்திலேயே தன் துறைமுகங்கள் வழியாக அன்றிப் பருத்தி வெளியேறக் கூடாது என்றது. வடக்கு நெருங்கினால் கொளுத்தச் சட்டம் செய்தது. 1862 இறுதிக்குள் அதன் போர்ச் செயலர் ராண்டால்ஃபும் உணவுத்துறைத் தலைவர் நார்த்ராப்பும், இறைச்சிக்கும் உப்புக்கும் வடக்கோடு பருத்தி பரிமாறலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஜெஃபர்சன் டேவிஸ் அதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று தள்ளிவைக்கப் பார்த்தார்; ஆற்றுக்கு மேற்கே கிர்பி ஸ்மித் தம் படைப்பகுதிக்கெனப் பருத்தி அலுவலகமே அமைத்து, அரசே வாங்கி விற்கத் தொடங்கினார். நான்காவது வழியை அரைகுறையாகவேனும் ஒரே படைத்தலைமையின் கீழ் நடத்திப் பார்த்தது தெற்குத்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1865 மார்ச்சில் எலிஹு வாஷ்பர்ன் தலைமையிலான காங்கிரஸ் குழு இந்த வணிகத்தின் சாட்சியங்களைத் தொகுத்து முடித்தது. அடுத்த மாதம் தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். ஆற்றுக்குக் கிழக்கே வணிகத் தடைகள் ஜூன் 13 அன்றும், மேற்கே ஜூன் 24 அன்றும் நீக்கப்பட்டன. அதுவரை மெம்பிஸ் கரைச் சரிவில் இறங்கிய ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சீட்டு, ஒரு பிரமாணம், ஒரு பங்கு இருந்தது. டேனாவின் கடிதம் போர்த்துறைக் கோப்பில் இரண்டரை ஆண்டாகக் கிடந்தது.